துண்டுக்குள் அடங்காத விலை

மாட்டுச் சந்தையில் வாய்விட்டு விலை சொன்னவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. வேலந்தாவளம் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி வாழ்ந்துவிட்ட காளிச்சாமி, காலைக் காப்பியின்போது இதை அறிவித்தார். விஷயம் மாடல்ல, மகள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்று யோகப்பிரியா கேட்டிருந்தாள். தனியாக ஒரு மாடு வாங்கத் தெரியாதவள் தனியாக அங்கே எப்படி இருப்பாள் என்று அவர் நக்கலுக்குக் கேட்டார். பதினேழு வயதுக்கு நக்கல் புரியாது. "சரிங்கப்பா, இன்னைக்கே வாங்கறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

காளிச்சாமியின் மனைவி சரஸ்வதியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அவள் சொல்லி நடந்தது குழம்பில் உப்பு மட்டும்தான். இருந்தும் துணிந்தாள்.

"ஏனுங்க, புள்ள ஏமாந்து வந்தா, இனி அவ படிப்பப் பத்தி நான் வாயே தொறக்கலீங்க... நல்ல மாடா வாங்குனா, நீங்க தொறக்கக் கூடாது."

சந்தையில் காளிச்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகள் எப்போது கூப்பிடுவாள் என்று மீசையைத் தடவியபடி காத்திருந்தார். சரஸ்வதியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் நின்றாள்.

யோகப்பிரியா ஒரு செவலை மாட்டின் பல்லைப் பார்த்தாள், நடக்கவிட்டாள், நான்கு காம்பிலும் பீச்சிப் பார்த்தாள். வியாபாரி பாண்டி பழக்கதோஷத்தில் துண்டை விரித்துக் கையை நீட்டினார். எதிரே வளையல் கையைக் கண்டதும் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

"அம்மிணி, அப்பனக் கூட்டிட்டு வா."

காளிச்சாமி எழுந்தேவிட்டார்.

"எதுக்குங்ணா? எனக்கே வாய் இருக்குதல்லங்க" என்றவள், விலையைச் சொன்னாள். நாலு மாடு தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. சந்தை ஒரு கணம் அசைபோடுவதை நிறுத்தியது. ஆளுக்கொரு விலையைத் துண்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பாண்டிக்கு வேர்த்தது.

"மெல்லப் பேசு கண்ணு..."

"மெல்லப் பேசுனா எவ்வளவு கொறைப்பீங்க?"

குறைத்தார்.

குடும்ப மானம் சந்தையில் ஏலம் போய்விட்டதாகச் சொல்லி, காளிச்சாமி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் செவலை பால்வாளியை நிரப்பியது. சரஸ்வதியம்மாள் வாளியை அவர் முன்னால் வைத்தாள். அவள் கண்ணும் நிரம்பியிருந்தது.

"நம்ம புள்ளைய நம்பலாமுங்க..."

அவர் நுரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவளுக்குப் பெட்டி வாங்கோணுமல்ல" என்றார். மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ள ஆளில்லாத காளிச்சாமி மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் பெட்டி வாங்கப் போகும் வழியில், வீட்டிலிருந்த ஒரு காளைக் கன்றை விற்கச் சந்தையில் நின்றார்கள். ஒரு வியாபாரி துண்டை நீட்டினான். மனைவி வேறு பக்கம் திரும்பட்டும் என்று காளிச்சாமி காத்திருந்தார். சரஸ்வதியம்மாளும் பெருந்தன்மையாகத் திரும்பிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி விலையைச் சொன்னார்.