இரண்டாவதாக வந்தவள்

காலை ஆறு மணிக்கு எண்ணூர் காற்றுக்கூடத்தின் வாசல் திரையில் எட்டுப் பெயர்கள் விழும். பெயர் விழுந்தவர்கள் பத்து மணிக்கு உள்ளே போய், மறுநாள் புது நுரையீரலோடு வெளியே வருவார்கள். மற்றவர்கள் முதுகில் காற்றுப்புட்டியோடு வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான். சிபாரிசு, சண்டை எதுவும் அங்கே செல்லாது. பெயர்களைப் பொறுக்குவது ஒரு கணினி நிரல்; நிரல்களில் பிழை பார்க்கும் வகைக்காவல் என்னும் சோதிப்பான் பச்சை காட்டிவிட்டால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். எழுதியவர் மட்டும் காரணத்தைப் பதிந்து, கைரேகை வைத்துத் திருத்தலாம்.

எழுதியவள் சங்கமித்ரா. அன்றைக்கு அவளும் கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெயர் முகுந்தன், அவள் கணவன். பதிந்து ஒன்பதே நாள். ஏதோ நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பேர் வந்துச்சாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். தேசப்பன் என்று பெயர், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

"வந்துடுச்சுங்க. எங்க வீட்டுக்காரர். ஒன்பது நாள் ஆச்சு."

"நமக்கு நாலு மாசம். இந்த எடம் தொறந்த அன்னிக்கே ரெண்டாவது ஆளா பதிஞ்சா எங்க ஊட்டுக்காரி, கோவிந்தம்மா. மொத ஆளு அன்னிக்கே உள்ள பூட்டாரு. எல்லாருக்கும் நோயி அதே மூணாம் நெலதான். பின்னால வந்தவன்லாம் போறான், அவ அப்படியே கெடக்கறா. மெஷின் தப்பு பண்ணாதுன்றாங்க. அப்ப நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

இரண்டாவது ஆள். சங்கமித்ராவுக்கு அந்த எண் உறுத்தியது. "அந்த நிரல் நான் எழுதினதுதான். பார்க்கறேங்க," என்று சொல்லிவிட்டு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கைப்பலகையைத் திறந்தாள்.

கற்பனையாகப் பத்து நோயாளிகள், எல்லோருக்கும் ஒரே நிலை. நிரலை ஓட்டிப் பார்த்தாள். முதலில் வந்தவர் முதலில் போனார். அடுத்துப் போனது பத்தாவது ஆள். பிறகு ஒன்பது, எட்டு, ஏழு. இரண்டாவது ஆள் கடைசியில்தான் போனார். தினமும் புதிதாக ஆள் வந்துகொண்டே இருந்தால் அவர் போகவே மாட்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பொட்டலம் சுமக்கும் ட்ரோன்களுக்காக பிறரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அவள் ஒரு நிரல் லைப்ரரி எழுதினாள். அதில் அவசரமானதை முன்னே அனுப்பும் முந்துவரிசைக்குக் குவியல் என்ற அமைப்பை வைத்தாள். மேலே இருப்பதை எடுத்ததும் கடைசியில் கிடப்பதைத் தூக்கி அது மேலே வைக்கும். தன்னைவிட அவசரமானது கீழே இருந்தால்தான் அந்தக் கடைசிப் பொட்டலம் இறங்கும், எல்லாம் சமம் என்றால் அடுத்து அதுவே வெளியே போகும். எது முதலில் வந்தது என்று காட்டும் வருகை எண்ணையும் சேர்த்திருக்கலாம். வேகம் குறையும் என்று விட்டுவிட்டாள். பொட்டலத்துக்கு இது போதாதா என்ன? 'சம நிலையில் வருகை வரிசைக்கு உறுதியில்லை' என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதியும் வைத்தாள். எந்த மகராசன் அதைப் படிக்கிறான்? கூடத்துக்காரர்கள் பச்சையைப் பார்த்தார்கள், எடுத்துப் பொருத்திவிட்டார்கள். கேள்விப்பட்டபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திருத்தம் பத்து நிமிட வேலை. நிலை சமமானால் முதலில் வந்தவர் முன்னே போகும்படியும், வருகை எண் இல்லாத யாரையும் வரிசை ஏற்காதபடியும் நிரலை மாற்றினாள். பச்சை விழுந்தது. விரலை வைத்தால் போதும், இன்றைய பட்டியலே மாறிவிடும். கோவிந்தம்மா மேலே வருவாள். முகுந்தன் இருநூறு பேருக்குப் பின்னால் போய்விடுவான்.

அப்போது அவன் அழைத்தான். "சங்கா, பேர் வந்துச்சா?" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சில் விசில் சத்தம்.

"வந்துடுச்சுப்பா. கிளம்பி வா."

கைப்பலகையை மூடினாள். ஒரே ஒரு நாள்தானே, நாலு மாதம் காத்திருந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. தேசப்பன் கண்ணில் படாமல் பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு முகுந்தன் உள்ளே போனான். பத்து ஐந்துக்கு விரலை வைத்தாள். பதிவேடு கேட்டது: பிழை கண்டறிந்த நேரம்? 10.05 என்று போட்டாள். வகைக்காவல் பச்சை காட்டியது. எழுதியது நேரத்தின் வடிவில் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அதற்குத் தெரியும், உண்மையா என்று பார்க்கத் தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரையில் முதல் பெயர் கோவிந்தம்மா. தேசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சங்கமித்ராவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானம்மா பண்ண?"

"தப்பு என்னோடதுதாங்க. சரி பண்ணிட்டேன்."

"எப்பம்மா கண்டுபுடிச்ச?"

"நேத்து... பத்து மணிக்கு மேல."

"அதுக்குள்ள நேத்து ஆளுங்க உள்ள பூட்டாங்க. நம்ம நேரம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து மத்தியானம் அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சும்மா. காத்து மூளைக்குப் போவலியாம். நொரையீரல மாத்தினாலும் பேச்சு இனிமே வராதுன்னுட்டாரு டாக்டரு. பரவால்ல, உசுரு இருக்குதே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"நீ இன்னாத்துக்கும்மா அழுவற? காலைலயே தெரிஞ்சிருந்தா நீ உட்டிருப்பியா இன்னா?"

கூடத்தின் கதவு திறந்தது. முகுந்தன் முதுகில் புட்டி இல்லாமல் தானாகவே நடந்து வந்தான்.

"உங்க ஊட்டுக்காரரா? நல்லா மூச்சு உடறாரும்மா," என்று சொல்லிச் சிரித்தார் தேசப்பன்.