தகரக்கழுகின் நம்பர் ஒன் ரசிகன்

1

அண்ணன் படிக்கட்டின் கீழே கிடந்தான்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவளுக்கு அப்போது வயது பதினாறு. தோளில் டியூஷன் பை. மாலை ஐந்து மணி வெயில் வாசல் வழியாக வந்து அண்ணனின் திறந்த கண்களில் விழுந்துகொண்டிருந்தது. அவன் இமைக்கவில்லை.

"அண்ணா...!"

பையைக் கீழே போட்டாள்.

பதினோரு படிகளையும் நாலே தாவலில் ஏறினாள். மேலே ஒத்திகை அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. நாற்காலியில் கிட்டார். மேஜையில் நாலு டிராக் ரெக்கார்டர்... வாயைப் பிளந்தபடி.

உள்ளே கேசட் இல்லை!

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதில் கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தியவளே அவள்தான். அண்ணன் 'தகரக்கழுகு' ராக் குழுவின் பாடகன். அவள் அந்தக் குழுவின் சம்பளமில்லாத சவுண்ட் இன்ஜினியர். கிட்டாருக்கு ஒரு மைக். குரலுக்கு ஒரு மைக். காலால் தரையைத் தட்டியே அண்ணன் தாளம் போடுவான் என்பதால், அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மைக். அண்ணன் தனியாகப் பாடினான். பாட்டு முடிந்ததும், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "லேட்டாயிடுச்சுண்ணா!" என்று டியூஷனுக்கு ஓடினாள்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கால் தடுக்கி விழுந்திருக்கான்" என்றது போலீஸ்.

"சார், உள்ள இருந்த கேசட்டைக் காணோம்!"

"அண்ணன் செத்துக் கிடக்கான்... இது கேசட்டைத் தேடுது பாரு!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். தரையில் கிடந்த கால் மைக்கின் வயரை ஒரு முறை பார்த்தாள். அதைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் மனத்துக்குள் ஒன்றைச் சொல்லிக்கொண்டாள்.

'கேசட்டை எடுத்தவன்தான் அண்ணனைத் தள்ளினவன். அவன் கையில கிடைக்கிற வரைக்கும் எனக்குச் சாவு கிடையாது!'

2

இருபத்திரண்டு வருடங்கள் ஓடின.

உயிரோடிருந்தபோது நாற்பது பேர் கை தட்டிய குழுவுக்கு, பாடகன் செத்த பிறகு ஊரே கை தட்டியது. பனியனில் தகரக்கழுகு. செல்போன் உறையில் தகரக்கழுகு. பிரபலம் என்று பெயர் எடுத்த ஒவ்வொருவரும், "நான் சின்ன வயசுல இருந்தே தகரக்கழுகு வெறியன்!" என்று பேட்டி கொடுத்தார்கள். இருக்கும்போது தண்ணீர் கொடுக்காதவர்கள், செத்தபின் பால் ஊற்ற வரிசையில் நிற்பார்கள் அல்லவா!

தங்கை இப்போது ஒரு டிவி சேனலின் தலைமை சவுண்ட் இன்ஜினியர். எல்லோருக்கும் 'சவுண்டக்கா'.

வெள்ளிக்கிழமை பகல் நேரலை. நிகழ்ச்சி: 'தகரக்கழுகின் நம்பர் ஒன் ரசிகன் யார்?'

போட்டியாளர்கள் மூன்று பேர். படத்துக்குப் படம் பத்து பேரை அடிக்கும் ஹீரோ. ஓய்வு பெற்ற கால்பந்து கேப்டன். டிவியில் சமைத்தே பணக்காரியான சமையல் ராணி.

நடத்துபவர், எல்லோருக்கும் 'அங்கிள்'. கால் நூற்றாண்டாகத் திரையில் சிரித்துக்கொண்டிருக்கும் மனிதர். தகரக்கழுகுக்கு முதன்முதலில் ரசிகர் மன்றம் வைத்தவர். அண்ணனின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர். தங்கையைப் படிக்க வைத்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை.

"பாப்பா! முதல் சுற்று என்ன?" என்றார் அங்கிள். முப்பத்தெட்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"மௌனச் சுற்று அங்கிள். 'இரும்புச் சிறகு' பாட்டு நடுவுல அப்படியே நிக்கும் இல்ல? அங்க நான் நிறுத்திடுவேன். மறுபடி எப்பத் தொடங்கணுமோ, சரியா அப்பக் கை தட்டணும்."

இசைத்தட்டில் அந்த மௌனம் நாலு எண்ணிக்கை. ரசிகனின் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அண்ணன் செத்த அன்று, அந்த இடத்தில் கிட்டார் கம்பி ஒன்று அறுந்தது. அவன் சிரித்துக்கொண்டே கையை உதறி, ஏழு எண்ணிவிட்டுத்தான் தொடர்ந்தான். அந்த ஏழு, காணாமல் போன கேசட்டில் மட்டும் இருக்கிறது!

பத்து வருடங்களாக, ரசிகர்கள் கூடும் இடத்திலெல்லாம் அவள் இந்த விளையாட்டை நடத்திவருகிறாள். வெளியே பார்த்தால் விளையாட்டு. உள்ளே அது தூண்டில்.

பாட்டு நின்றது.

கேப்டன்... நாலில் தட்டினார்.

சமையல் ராணி... நாலில்.

ஹீரோ கண்ணை மூடியிருந்தான். நாலு. ஐந்து. ஆறு.

ஏழு!

'டப்!'

ஸ்டூடியோ சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் சவுண்டக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"என்னப்பா ஹீரோ... தூங்கிட்டியா?" அங்கிள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அங்கிள், நீங்க ஒரு தடவை தட்டிக் காட்டுங்க!" என்றார் கேப்டன்.

"நான் தட்ட மாட்டேன்ப்பா. நடத்துறவன் நான்!"

3

மேக்கப் அறையின் கதவு உள்ளே தாழிடப்பட்டது.

ஹீரோ கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் சவுண்டக்கா. அவள் கையில் மேக்கப் மேஜைக் கத்தரிக்கோல். அதன் முனை அவன் கழுத்தில்.

"அ... அக்கா?"

"கேசட் எங்க?"

"எந்தக் கேசட்?"

"ஏழு எண்ணித் தட்டினியே... அந்தக் கேசட்! எங்க அண்ணனைத் தள்ளி விட்டுட்டு எடுத்துட்டுப் போனியே, அது!"

"ஐயோ! எனக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு. அப்பப் பதிமூணு! அரைக்கால் டவுசரோட வந்தா கொலை பண்ணியிருப்பேன்?"

கத்தரிக்கோல் ஒரு நூல் அளவு பின்வாங்கியது. கோபத்தில் கணக்கு மறந்துபோயிருந்தது.

"அப்ப அந்த ஏழு?"

"என் கல்யாணத்துக்குப் பரிசா வந்த கேசட் காப்பிக்கா. உங்க அண்ணன் கடைசியாப் பாடினதுன்னு சொன்னார். 'உலகத்துல நாம ரெண்டு பேர்தான் கேட்டிருக்கோம், மூச்சு விடாதே'ன்னு சத்தியம் வாங்கிட்டார்..."

"யாரு?"

ஹீரோ கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்கிள்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அண்ணனைத் தூக்கிய தோள். அவள் தலையை வருடிய கை. எல்லாம் அந்த ஆள்தானா! இத்தனை வருடம் அவன் முகத்தில் விழித்து, அவன் காலில் விழுந்து, 'நீங்க எனக்கு அப்பா மாதிரி' என்று சொன்ன வாயை அறுத்துப் போட வேண்டும் போலிருந்தது.

"போலீசுக்குப் போலாம்க்கா."

"காப்பியை வச்சு என்ன நிரூபிப்பாங்க? ஒரிஜினல் வெளிய வரணும்."

"இத்தனை வருஷம் வச்சிருப்பாரா? எரிச்சிருப்பாரே!"

"மாட்டான். அந்த ஆள் கொலை பண்ணுவான். ஆனா தகரக்கழுகோட கடைசிப் பாட்டை எரிக்க மனசு வராது. ரசிகன் புத்தி!"

"அதை எப்படி வெளிய எடுக்க வைக்கிறது?"

"சுலபம். உங்களை நம்பர் ஒன்னு நான் சொல்லிட்டாப் போதும்."

ஹீரோ சிரித்தான். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறொரு குரலில் சொன்னான்:

"தங்கச்சி... சவுண்டு ஏத்து!"

அவள் தரையிலிருந்து எழுந்தாள். மேடையில் அண்ணன் அவளைப் பார்த்துக் கத்தும் அதே வார்த்தை. அதே கரகரப்பு.

"மன்னிச்சுக்கக்கா. சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி மேடையில மிமிக்ரி பண்ணித்தான் சோறு தின்னேன். பழைய கச்சேரி வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது."

4

புதன்கிழமை காலையிலிருந்தே விளம்பரம் ஓடியது. திரை முழுக்க ஹீரோ.

"தகரக்கழுகோட கடைசிப் பதிவு உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை... கேளுங்க!"

மதியம் சவுண்டக்காவின் போன் அலறியது.

"பாப்பா! அந்தப் பய சொல்றதைக் கேட்டியா? அவன்கிட்ட இருக்கிறது வெறும் காப்பி!"

"அப்படியா அங்கிள்? அப்ப ஒரிஜினல்?"

அங்கிளுக்குள் ஆசைக்கும் பயத்துக்கும் நடந்த சண்டையில் ஆசை ஜெயித்தது.

"என்கிட்டதாம்மா. சாகறதுக்கு முந்தின நாள் உங்க அண்ணனே என் கையில குடுத்தான். உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் இத்தனை நாள் சொல்லல."

"நேரலையில கொண்டு வாங்க அங்கிள். நம்பர் ஒன் யாருன்னு ஊருக்கே தெரியட்டும்!"

போனை வைத்தாள். எதிரே நாற்காலியில் மீசையை நீவிக்கொண்டிருந்தார், ஹீரோ கூட்டி வந்திருந்த இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா, வெறும் பாட்டைப் போட்டா கொலை எப்படித் தெரியும்?"

"அந்த மெஷினுக்கு நாலு டிராக் சார். வீட்டு கேசட் டெக்ல ரெண்டுதான் கேக்கும். அழிச்சாலும் அந்த ரெண்டுதான் அழியும். மூணாவது டிராக், கால் மைக்."

"அந்த ஆளோட குரல் அதுல இருக்குமா?"

"வெள்ளிக்கிழமை பாருங்க சார்."

5

நேரலை.

அங்கிள் கோட்டுப் பையிலிருந்து கேசட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். அதன் மேல், பதினாறு வயதுக் கையெழுத்தில், அண்ணன் செத்த அன்றைய தேதி.

கண்ணாடிக்குப் பின்னால் சவுண்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். என் கையெழுத்து!

கேசட் டெக்கில் போனது. பாட்டு. அறுந்த கம்பி. ஏழு எண்ணிக்கை. முடிவு. அதன்பின், அழித்துத் துடைத்த மாதிரி சுத்தமான அமைதி. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. சமையல் ராணி அழுதாள்.

அங்கிள் இரு கைகளையும் விரித்தார். "யாரு நம்பர் ஒன்?"

"ஒரு நிமிஷம் அங்கிள்!" ஒலிபெருக்கியில் அவள் குரல். "அதுக்கு முன்னாடி நீங்க பார்க்க வேண்டிய ஒண்ணு இருக்கு."

அவள் கண்ணாடி அறையை விட்டு வந்தாள். மேடையோரம் துணி போர்த்திய மேஜை. துணியை உருவினாள்.

பழைய நாலு டிராக் ரெக்கார்டர்!

"தெரியுதா அங்கிள்? மெஷினை விட்டுட்டுக் கேசட்டை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க. இதுல இன்னும் ரெண்டு டிராக் இருக்கு. நீங்க அழிக்காத டிராக். அண்ணன் காலடியில நான் ஒரு மைக் வச்சிருந்தேன்."

அங்கிளின் சிரிப்பு உதட்டில் அப்படியே உறைந்தது.

"வே... வேண்டாம் பாப்பா. நேரம் ஆச்சு. விளம்பரம் போடுங்கப்பா!"

விளம்பரம் வரவில்லை. மேலே கண்ணாடி அறையில், பட்டன்களுக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கை கட்டி நின்றார்.

அவள் கேசட்டை ரெக்கார்டருக்குள் தள்ளினாள்.

'டப்... டப்... டப்...'

பூட்ஸ் தட்டும் சத்தம். பிறகு கதவு கிரீச்சிட்டது. பிறகு... கரகரத்த குரல்.

"யாரு...? அட, நீயா! மறுபடியும் வந்துட்டியா?"

கேப்டன் அங்கிள் பக்கம் திரும்பினார்.

"தள்ளிப் போடா... படி இருக்கு... டேய்...!"

"நிறுத்து!"

அங்கிள் மேஜை மேல் பாய்ந்தார். கேப்டன் அந்த வயதிலும் சரியான நேரத்தில் காலை நீட்டினார். அங்கிள் குப்புற விழுந்தார்.

"நிறுத்துடி! நான் வேணும்னு தள்ளல! குழுவுல சேத்துக்கோன்னு கெஞ்சினேன். 'உனக்குத் தாளம் நிக்காதுடா, கடைசி வரைக்கும் ரசிகனாவே இரு'ன்னு சிரிச்சான்! எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு... தள்ளிட்டேன்! படியில உருண்டான். கீழ போய்ப் பாத்தேன், மூச்சு இருந்துச்சு..."

"மூச்சு... இருந்துச்சா?" அவள் அருகே வந்தாள்.

அங்கிள் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். லட்சக்கணக்கான வீடுகளில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூச்சு இருந்த ஆளைத் தாண்டி மேல போய் கேசட்டை எடுத்தியா? டாக்டரைக் கூப்பிடத் தோணலையா? என்னைப் படிக்க வச்சியே... எதுக்கு? பாவத்தைக் கழுவவா? நீ போட்ட சோத்தைத் தின்னதை நெனைச்சா எனக்கே குமட்டுது. ஆனா அந்தப் படிப்பாலதான் இன்னைக்கு உன்னை இங்க நிக்க வச்சேன். அந்த வகையில நன்றி... அங்கிள்!"

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். கைவிலங்கு 'க்ளிக்' என்றது. இருபத்திரண்டு வருடங்களில் முதல் முறையாக அவள் வாய்விட்டு அழுதாள்.

6

அரங்கம் காலியாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் கேசட்டைப் பத்திரமாகக் கவரில் போட்டார்.

"பிரமாதம்மா! இந்த மூணாவது டிராக் ஒண்ணு போதும்..."

"அதுல ஒண்ணுமே இல்ல சார்."

"என்னது?"

"டியூஷன் அவசரத்துல கால் மைக்கோட வயரை நான் சொருகவே இல்ல. திரும்பி வந்து பாத்தப்ப வெறுமனே கிடந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா அந்த வயர்தான் என் கழுத்துல கிடக்கு."

"அப்ப நாங்க கேட்ட குரல்?"

"என் லேப்டாப்ல இருந்து வந்தது. நேத்து மத்தியானம் ரெக்கார்ட் பண்ணினோம். பூட்ஸ் சத்தம் என்னோடது."

"மாட்டிக்கிட்டது கேசட்டால இல்ல... அந்த ஆள் வாயால!" இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார். "சரி... உங்க அண்ணன் குரல் யாருது?"

ஓரத்தில் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்த ஹீரோ திரும்பினான். முகத்தில் நிஜமான வருத்தம்.

"என்னோடது சார். அதுவும் ஜலதோஷத்தோட பேசினது. அந்த மூக்கடைப்பைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியல... இவரெல்லாம் நம்பர் ஒன் ரசிகராம்!"