நல்ல கால்

2004ஆம் ஆண்டு, சித்திரை மாதத்துப் பிற்பகல். முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி, பிள்ளையார்பாளையத்தில் வத்ஸலா பிசியோதெரபி நடத்தும் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் மங்கை. வலது முழங்காலில் லிகமென்ட் அறுவை நடந்து ஒன்பது மாதம். இன்று வத்ஸலா கையெழுத்துப் போட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை மாநிலக் கபடித் தேர்வில் நிற்க முடியும். வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு.

கூடத்தில் அளவு டேப் விரித்திருந்தது. ஒற்றைக் காலில் தாவி அதே காலில் நிற்க வேண்டும். நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது அறுவை செய்த கால் தாண்டியாக வேண்டும்.

இடது கால் நூற்றைம்பது சென்டிமீட்டர். இறங்கிய இடம் ரப்பர் பாயையும் மீறிச் சில்லிட்டது.

“அங்க தறிக்குழி இருந்தது. நெய்யறவா காலைத் தொங்கப் போட்டுண்டு உக்காருவா. மூடி வருஷமாச்சு, ஈரம் மட்டும் போகலை,” என்றாள் வத்ஸலா.

வலது கால் நூற்றுப்பத்து.

“இதை வெச்சுண்டு ரெய்டு போகப்போறியா? கட்டம் போட்டுப் பாண்டி ஆடத்தான் லாயக்கு.”

“இன்னொரு தபா மேடம்.”

முன்னறையில் போன் அடித்தது. வத்ஸலா எழுந்து போனாள்.

ஒன்பது மாதம் கைக்குழந்தையைப் போலத் தாங்கியும் துரோகம் செய்கிற கால். அந்த வெறுப்போடு மங்கை தாவினாள். வலது பாதம் பாயின்மேல் விழுந்தது.

திரும்ப எழவில்லை.

புளித்த கஞ்சி வாடை. தரைக்கு அடியில் டக்... டக்... என்று தறியின் மிதிகட்டை மிதிபடும் ஓசை.

ஓசை நின்றது.

ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது.

முறுக்கியது. அன்று களத்தில் எந்தப் பக்கம் திரும்பி அறுந்ததோ, அதே பக்கம். உள்ளே தைத்து வைத்த தசைநார் இழுபட்டது. கத்தலாம். கத்தினால் வத்ஸலா வந்துவிடுவாள், கையெழுத்து போய்விடும்.

“இந்தக் கால உட்டுடு,” என்று கிசுகிசுத்தாள் மங்கை. “வேணும்னா அந்தக் கால எடுத்துக்கோ.”

பிடி உடனே தளர்ந்தது, அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது போல.

வத்ஸலா திரும்பி வந்ததும் வலது கால் நூற்று நாற்பது தாண்டியது.

“பரவாயில்லையே!” பேனா மூடியைக் கழற்றினாள் வத்ஸலா. “இடது கால் இன்னொரு தடவை. எழுதிக் குடுத்துடறேன்.”

“அது நல்லாத்தான இருக்குது மேடம்?”

“அதனால என்ன? குதி.”

மங்கை கோட்டில் நின்றாள். பாய் நாலடி தள்ளிக் கிடந்தது. இங்கே வெறும் சிமென்ட் தரைதான்.

ஆனால் இடது பாதத்துக்கு அடியில் தரை இல்லை.

அந்த வெறுமைக்குள்ளிருந்து ஈர விரல்கள் அவளுடைய கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணின.