கண்ணாடியை இறக்காதே, ஜெரூஷா!

காருக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஆபேல் செத்துக் கிடந்தான்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய பார்க்கிங். உச்சி வெயில். இன்ஸ்பெக்டர் வெற்றிவேல் நான்கு கதவுகளையும் திறந்து போடச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

கழுத்தில் தடம் இல்லை. உடம்பில் ஒரு கீறல்... ம்ஹூம்! சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன் மாதிரி சாய்ந்திருந்தான்.

ஏட்டு துளசிங்கம் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு தெர்மகோல் பெட்டி. மூடி முழுக்க ஓட்டைகள். மூடியைத் தூக்கியவர் அலறினார்.

"சார்...! பொகை வந்துகினு கீது சார்!"

வெள்ளைப் புகை! அதற்கு நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குப்பி. வெற்றிவேல் கைக்குட்டையால் எடுத்து லேபிளைப் படித்தார்.

"சுண்டெலி புரோட்டீன். ஆராய்ச்சிக்கு மட்டும்."

"எலி மருந்தா சார்? அத்த துன்னுட்டுப் பூட்டானா?"

"எலி மருந்து இல்ல சார்."

குரல் கேட்டுத் திரும்பினார்கள். ஆபேலின் மனைவி ஜெரூஷா. அவன் செல்லில் நம்பர் பார்த்து வரவழைத்திருந்தார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பிணத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மரத்துப்போய் நின்றாள்.

புருஷன் பிணத்துக்கு முன்னால் இவ்வளவு நிதானமா? வெற்றிவேலுக்கு மூக்கு வேர்த்தது.

"வேற என்ன இது?"

"சிங்கப்பெருமாள் கோவில் கிட்ட எங்க லேப். சுண்டெலியோட ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு இதைத் தயாரிக்கிறோம். வீக்கத்தைக் குறைக்கும். காலேஜ்ல எலிக்குப் போட்டு ஆராய்ச்சி பண்ணுவாங்க. நான்தான் செஞ்சேன். அவர் அதே லேப்ல டெலிவரி மேனேஜர்."

"பெட்டியைக் கட்டினது?"

"நான்தான்."

"புகையும் நீங்கதானா?"

"இல்ல சார். இது வெறும் பவுடர். குளிர்ச்சிக்கு ஜெல் பேக் வெச்சா போதும், அதைத்தான் வெச்சேன். இப்ப இருக்கறது டிரை ஐஸ். உருகித் தண்ணியாகாது, கார்பன் டை ஆக்சைடு வாயுவாயிடும். மூடின கார்ல அதோட உக்காந்தா... தூக்கம் மாதிரியே போயிடும் உயிர்."

"பிரமாதம்! கொலைக்கு விளக்கமும் நீங்களே குடுத்துட்டா எங்களுக்கு வேலை மிச்சம். துளசிங்கம், லேடி கான்ஸ்டபிளைக் கூப்பிடு!"

ஜெரூஷா அசையவில்லை.

"சார், இன்னிக்கு இந்தக் காரை ஓட்ட வேண்டியது நான்."

"என்னது?"

"கேளம்பாக்கம் காலேஜுக்கு நான்தான் கொண்டுபோகணும். காலைல அவரே பெட்டியைப் பின் சீட்ல வெச்சார். 'கண்ணாடியை இறக்காதே ஜெரூ, ரோடெல்லாம் தூசி, ஏ.சி. போட்டுக்கோ'ன்னார். கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்கு இவ்வளவு அக்கறை வந்ததே இல்ல."

"உங்களை எதுக்குக் கொல்லணும்?"

"குப்பிங்களைத் திருடி, கீழ்க்கட்டளைல ஒரு கிளினிக்குக்கு வித்துட்டிருந்தார். ஃபாரின் மூட்டுவலி ஊசின்னு மனுஷங்களுக்கே போடறாங்க. நேத்து கண்டுபிடிச்சேன். போலீசுக்குப் போறேன்னு சொன்னேன்."

வெற்றிவேல் சீட்டையும் டிக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின் சீட்ல இருந்த பெட்டி டிக்கிக்கு எப்படி வந்துச்சு?"

"ஓட்டும்போதே தலை கிறுகிறுன்னு வந்துச்சு. நிறுத்தித் திறந்து பார்த்தேன். மூடி முழுக்க ஓட்டை போட்டு, ஜெல் பேக்குக்குப் பதிலா டிரை ஐஸ் வெச்சிருந்தார். புரிஞ்சுபோச்சு. ஆதாரமாச்சேன்னு டிக்கில வெச்சுப் பூட்டிட்டு, காரை இங்க விட்டேன்."

"ஆபேல்?"

"கார் எங்க நிக்குதுன்னு அவர் செல்லுல காட்டும். இன்னொரு சாவியோட வந்திருப்பார்... நான் செத்துட்டேனான்னு பாக்க. பின் சீட்ல பெட்டி இல்ல. நான் எடுத்துட்டு எங்கியோ போயிருக்கேன்னு நெனைச்சு, ஏ.சி.யைப் போட்டுட்டுக் காத்திருந்திருக்கார். இந்தக் கார்ல சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல அடைப்பு கிடையாது சார்."

"கதை நல்லாத்தான் இருக்கு. அவன் சாகும்போது நீங்க எங்க இருந்தீங்க? சாட்சி இருக்கா?"

"இருக்கு சார். உங்க போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல இருந்தேன்."

வெற்றிவேல் வெடுக்கென்று போனை எடுத்தார். ஸ்டேஷன் ரைட்டர் பிரிட்டோ பேசினார்.

"ஆமா சார்! காலைலேர்ந்து ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. 'புருஷன் கொல்லப் பாத்தான், கார்ல ஆதாரம் இருக்கு, வந்து பாருங்க'ன்னு ஒரே நச்சரிப்பு. இன்ஸ்பெக்டர் வரட்டும்னு உக்கார வெச்சேன். இப்பதான் யாரோ போன் பண்ணாங்கன்னு எழுந்து போனாங்க..."

அந்த போன் வெற்றிவேல் செய்தது!

அவர் முகம் தொங்கிப்போனது. காலையிலேயே ஒரு ஆளை அனுப்பியிருந்தால், ஆபேல் இந்நேரம் உயிரோடு கம்பி எண்ணிக்கொண்டிருப்பான்.

ஜெரூஷாவுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. எதுவுமே வராதது அவளுக்கே பயமாக இருந்தது.

"சார்... சாயங்காலம் கிளினிக்ல மறுபடி ஊசி போடுவாங்க. இப்பவாவது என் கம்ப்ளைன்ட்டை எடுத்துப்பீங்களா?"

"துளசிங்கம்! ஜீப்பை எடு... கீழ்க்கட்டளைக்கு!"

ஏட்டு ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"இன்னா ஸ்பீடு சார் நாம! கம்ப்ளைன்ட்டு வாங்கறதுக்கு மின்னாடியே அக்யூஸ்டு க்ளோஸு!"