ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள்

மே மாதத்து வெயில் இரவு பத்து மணிவரை இறங்காத டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து மேரிசெலின் படியேறியபோது, மூன்றாம் மாடியில் ஈரக் காட்டு மண் மணத்தது. வெளியே ஒரு வாரமாக மழை இல்லை. துறைமுகத்து மீன் வாடைதான் எப்போதும் காற்றோடு ஏறிவரும். இதுவோ வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், புழுங்கிய இலையும் சேறும் துவக்குக் குழலுக்குப் போடும் எண்ணெயும் கலந்து வீசும் வாடை.

வீட்டுக்குள் திரைச்சீலைகள் மூடியிருந்தன. மாதக்கணக்காக ஊர்ப் போர்ச் செய்தியோடு ஓடிய தொலைக்காட்சி அணைந்திருந்தது. அண்ணன் அந்தோனிதாசன் சோபா நுனியில் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

“சண்டை முடிஞ்சிட்டாம்,” என்றார். “கீழ ஆரும் நிக்காங்களா, தங்கச்சி?”

“ஒருத்தரும் இல்ல. ஏன்?”

அவர் கண் வாசல் போனிலேயே இருந்தது.

சண்டை என்றால் அவளுக்கு அந்த எல்லைக் கிராமத்துப் பொலிஸ் நிலையம்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதக்காரர் அதை வளைத்தபோது உள்ளே ஏழு தமிழ்ப் பொலிஸ்காரர். ஒருவர் அவள் கணவர் கோணேசன். சரணடைந்தார்கள், சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. அப்போது கொழும்பில் நின்றதாகச் சொன்ன அண்ணன்தான் அவளைத் தேடிவந்து டென்மார்க்குக்குக் கூட்டிவந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் அண்ணனுக்காக மன்றாடாமல் அவள் எழுந்ததில்லை.

வாசல் போன் கிர்ரென்றது. கீழ்க்கதவில் யாரோ மணியை அழுத்துகிறார்கள்.

“எடுக்காத!”

எடுத்துவிட்டாள். முதலில் இரைச்சல். இரைச்சலுக்குள் தவளைகள். பலர் ஒன்றாக மூச்சுவிடும் சத்தம். பிறகு ஒரு குரல், களைத்துப்போய்.

“மச்சான், சண்டை முடிஞ்சிட்டாமே. ஜீப் வந்திட்டா?”

கோணேசன்.

“அண்ணா... என்ன ஜீப்?”

அந்தோனிதாசன் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “அப்ப நான் கொழும்பில இல்ல. நீ சொன்னா பொலிஸ்காரர் நம்புவாங்க, துவக்க வெச்சிட்டு வெளியால வரச்சொல்லு எண்டு ஆயுதக்காரர் சொன்னாங்க. போனன். சண்டை ஓயுமட்டும் இந்த மரத்தடியில இருங்க, ஜீப் கொண்டாறன் எண்டு சொன்னன்.”

“உயிரோட விடமாட்டாங்க எண்டு தெரியுமா?”

அவர் சோபாத் துணியின் நூலொன்றைப் பிடித்து இழுத்தார்.

“தெரியுமா அண்ணா?”

“ஊர விட்டு வெளிய போக ரெண்டு பாஸ் தந்தாங்க. எனக்கொண்டு. உனக்கொண்டு.”

பத்தொன்பது வருடம் அவள் தின்ற சோறு. படுத்த கட்டில். இந்த வீட்டுச் சாவி. எல்லாம் அந்த மரத்தடியிலிருந்து வந்தவை.

அவள் விரல் வாசல் போனின் பொத்தானை அழுத்தியது. கீழ்க்கதவு திறந்தது.

“செலின்!” என்று அண்ணன் கத்தினார்.

பூட்ஸ் சத்தம். முதலாம் மாடி. அவசரமில்லாமல். இரண்டாம் மாடி. சேற்று வாடை தொண்டைக்குள் இறங்கியது. வாசலில் நின்றது சத்தம்.

அண்ணன் சோபாவுக்குப் பின்னால் பதுங்கினார். அவள் கதவைத் திறந்தாள்.

காக்கிச் சட்டைகள். ஏழு பேர். கண்கள் துணியால் கட்டப்பட்டிருந்தன. கைகள் பின்னால், ஒரே கயிற்றில், வரிசையாக. முன்னால் கோணேசன். கட்டிய கண்களோடு முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“நீயும் வாறியா?” என்றார், அன்பாக.

கடைசி ஆளுக்குப் பின்னாலும் கயிறு படிகளில் நீண்டு கிடந்தது. அதன் நுனியில் இரண்டு சுருக்குகள். வெறுமையாக. ஒன்று பெரிது.

மற்றது அவளுடைய மணிக்கட்டின் அளவு.