ஆடும் ஸ்டீயரிங்கும் ஒரு மச்சானும்

“ஆ...ஆ...ஆ!”

மெக்கானிக் செம்மலை போட்ட அலறலில் ஒர்க்‌ஷாப் கூரையிலிருந்த காகம் பறந்தது. மனுஷர் ஒருத்தரும் வரவில்லை.

பகல் இரண்டரை மணி. காரைக்குடி சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரம்!

அவன் இடது கை பெஞ்ச் மேல். சுண்டு விரல்... அதை இனி விரல் என்பது ஒரு மரியாதைக்குத்தான்.

சுத்தியலைப் பிடித்திருந்தவன் தேவா. வெள்ளைச் சட்டை, மூன்றடி தள்ளி நின்றாலும் அடிக்கிற சென்ட். நெற்குப்பை ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைக் குறை சொல்கிற அதே தேவாதான்!

“போல்ட்டைக் கழட்டுடான்னா கழட்டணும்!”

“அண்ணே... உங்க மாப்ளை பாண்டியராஜன் லாரிண்ணே இது! ஸ்டீயரிங் கழுத்தோட ஆடுதுன்னு விட்டுட்டுப் போயிருக்காக. நாலு மணிக்குக் கல்லு லோடோட தேவகோட்டை ரோட்டுல போவாக...”

“போகட்டும். திரும்பி வரக்கூடாது!”

“எதுக்குண்ணே?”

“நாளைக்குக் கோர்ட்ல சாட்சி சொல்றான். பழம்பொருள் கடை வாட்ச்மேனை என் ஆளு முகேஷ் வெட்டுனத இவன் பாத்துட்டான். முகேஷ் உள்ள போனா, வெட்டச் சொன்னது நான்னு கக்கிருவான்.”

“உங்க தங்கச்சி அனுசுயா தாலிண்ணே அது!”

“அந்தத் தாலிய வாங்கிக் குடுத்தவனே நாந்தேன். கழட்டு!”

தேவா இடுப்பிலிருந்து உருவிய கத்தி செம்மலையின் கழுத்தில் கோடு போட்டது. சூடாக வழிந்தது இரத்தம்.

கழற்றினான். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த இரண்டு போல்ட்டுகளும் தேவாவின் சட்டைப் பைக்குள் போயின. தேவா ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்தான். விழப்போகிற பல் மாதிரி ஆடியது!

சிரித்தான். செம்மலையின் வயிற்றில் ஓர் உதை.

“வாயத் தொறந்தே... ஒனக்கும் அவனுக்கும் இதே கத்திதான்!”

வாசலில் பைக் சத்தம்.

பாண்டியராஜன்! கையில் சூடம், நாலு எலுமிச்சம்பழம்.

“அடடே, மச்சான்! நீங்க எப்ப வந்தீக? செம்மலை, கழுத்துல, கையில எல்லாம் என்ன ரத்தம்?”

“ஜாக்கி நழுவிருச்சு மாப்ளே” என்றான் தேவா முந்திக்கொண்டு.

பாண்டியராஜன் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்தான். சூடம் ஏற்றினான். சாவியை நீட்டினான்.

“எடுங்க மச்சான்!”

“நா... நானா?”

“நம்ம பக்கத்துல மச்சானுக்குத்தான முதல் மரியாதை? இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன். நீங்க பழத்துல ஏத்துனாத்தான் வண்டி நம்மகிட்ட நெலைக்கும்.”

“எனக்கு... முதுகு வலி மாப்ளே.”

“ரோடு வரைக்கும்தான மச்சான்? நானும் கூட உக்காருறேன். என்ன, பயமா?”

மறுத்தால் சந்தேகம் வரும். தேவா ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பழம் நசுங்கியது.

லாரி உருண்டது. ரோட்டில், எதிரே ஒரு டவுன் பஸ்! ஸ்டீயரிங் கைக்குள் கிடுகிடுத்தது...

“அய்யய்யோ! போல்ட்டு இல்லடா!”

கதவைத் திறந்து குதித்தான் தேவா. குதித்தவன் உருண்டான். பின்சக்கரத்துக்கு அடியில் வலது கால்...

‘மளுக்!’

பாண்டியராஜன் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓரமாகத் திருப்பி, பிரேக்கை மிதித்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக லாரி ஒதுங்கி நின்றது!

பஸ்ஸிலிருந்து நாற்பது தலைகள் எட்டிப் பார்த்தன. தேவா கதறினான்.

“என்னைய ஆசுபத்திரிக்குத் தூக்குங்கடா! மாப்ளே, ஒன்னக் கொல்லத்தான் கழட்டச் சொன்னேன்! வாட்ச்மேனை வெட்டச் சொன்னதும் நாந்தேன்! என்னைய விட்டுறாத மாப்ளே!”

பாண்டியராஜன் முகம் கருத்தது. “கழட்டியுமா வண்டி திரும்புச்சு?”

செம்மலை வயிற்றைப் பிடித்தபடி வந்தான். “இவரு பையில இருக்கது மேல் போல்ட்டுண்ணே. அது இல்லேன்னா ஆடும், அவ்வளவுதான். சக்கரத்தத் திருப்புற ஜாயிண்ட் போல்ட்டு வண்டிக்கு அடியில இருக்கு. அதைக் காலையிலயே இறுக்கிட்டேன். அண்ணன் குனிஞ்சு பாக்கல... வெள்ளைச் சட்டையில கிரீஸ் பட்டுரும்ல!”

பாண்டியராஜன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டு, மச்சான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“கவலையே படாதீக மச்சான். போலீஸ் ஜீப்புல ஸ்டீயரிங் கொஞ்சங்கூட ஆடாது!”