இனிப்புன்னுதான் சொன்னேன்!

தம்பி இறந்து பத்தொன்பது நாள், ஏழு மணி நேரம், இருபது நிமிடம்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று பத்து.

மத்தியானம் ஜிம்முக்கு இடைவேளை. இரும்புத் தட்டுகள் சத்தமில்லாமல் கிடந்தன. உள்ளே இரண்டே பேர். ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன அவள். சட்டை இல்லாமல், கண்ணாடியில் தன் கையையே ரசித்துக்கொண்டிருந்த மாஸ்டர்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். உடற்பயிற்சி முடிந்ததும் குட்டி ஃபிரிட்ஜைத் திறப்பார். ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பி. வயிற்றைக் கிள்ளி ஒரு ஊசி. பிறகு அவள் கலந்து வைத்திருக்கும் ஒரு பாட்டில் ஜூஸ், மடமடவென்று.

குப்பியில் இன்சுலின். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற அதே இன்சுலின்.

மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி இல்லை. சதை வியாதி!

இன்றைக்கு ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஜூஸும் காலி.

"பொண்ணே... ஏசி ஓடுதா?"

"ஓடுது மாஸ்டர்."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

அவள் எழுந்தாள். வாசல் ஷட்டரை இழுத்து இறக்கினாள். பூட்டினாள்.

"ஏய்! என்ன பண்றே?"

"கை நடுங்குதா மாஸ்டர்?"

அவர் கையைப் பார்த்தார்.

நடுங்கியது!

"பசிக்குதா? எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதா?"

"ஜூ... ஜூஸ்ல என்ன கலந்தே?"

"இனிப்பு."

"சர்க்கரைதானே?"

"இனிப்புன்னுதான் சொன்னேன்."

மாஸ்டர் பாய்ந்தார். அதாவது, பாய்வதாக நினைத்துக்கொண்டார். முழங்கால் மடங்கி பெஞ்சில் சரிந்தார். தொண்ணூற்றாறு கிலோ உடம்பு. அதில் ஒரு கிலோகூட உதவிக்கு வரவில்லை!

"அந்த... ஜீரோ கலோரி பவுடரா?"

"அதேதான். சர்க்கரையே இல்லாத இனிப்பு. நாக்கு ஏமாந்துடும். ரத்தம் ஏமாறாது."

"குளுக்கோஸ் டப்பா... அலமாரியில..."

"காலையிலேயே எடுத்துட்டேன்."

ரிசப்ஷன் மேஜைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். டப்பா மடியில்.

"யாருடி நீ?"

"குச்சியோட அக்கா."

மாஸ்டரின் முகத்தில் மிச்சமிருந்த நிறமும் போனது.

குச்சி. இந்த ஜிம்மில் அவள் தம்பிக்கு வைத்த பெயர். வைத்தவர் மாஸ்டர். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அன்று சாயங்காலம் இங்கிருந்து வந்து படுத்தான். எழுப்ப முடியவில்லை. மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு, ஆஸ்பத்திரியில், டாக்டர் போர்வையை இழுத்து முகத்தை மூடினார்.

"அவன் ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு தெரியுமா மாஸ்டர்? பதினெட்டு! எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. வயித்துல வரிசையா ஊசித் தடம். எங்கிட்ட கொசுக்கடின்னு சொல்லியிருந்தான்."

"எனக்கு... ஒண்ணும் தெரியாது..."

"போலீஸ்லயும் அதைத்தான் சொன்னீங்க. அவனே எங்கேயோ வாங்கிப் போட்டுக்கிட்டான்னு. பரவாயில்ல. யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரமே இல்ல."

டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள்.

"உங்களுக்குத்தான் அவசரம்!"

வியர்வை புருவத்தில் இறங்கி, மூக்கின் நுனியில் சொட்டியது. மாஸ்டரின் உதடு கோணியது.

"நான்தான்... நான்தான் போட்டுவிட்டேன்!"

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா... சாப்பிடறதை எல்லாம் சதைக்குள்ள தள்ளும்னு... போட்டி வருதுன்னு..."

"வீட்டுல சொல்லலாமான்னு கேட்டானா?"

"கேட்டான். சொன்னா... நாளையிலேருந்து வராதேன்னுட்டேன்..."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"வேர்த்துக் கொட்டுச்சு... உளறினான்... நாலு பேர் பார்த்தா ஜிம் பேர் கெட்டுடும்னு... வண்டி பிடிச்சு ஏத்தி... போய்த் தூங்குடா, சரியாயிடும்னு..."

"தூங்கினான்."

அவள் எழுந்தாள். மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தாள். ஷட்டரை இறக்கியதிலிருந்து அது லைனில்தான் இருந்தது.

"கேட்டுச்சா மேடம்?"

பதில் போனில் வரவில்லை. ஷட்டரில் வந்தது. டம்! டம்! டம்!

"திற! முதல்ல அவனுக்குக் குடிக்கக் கொடு!"

அவள் பூட்டைத் திறந்துவிட்டு வந்து, குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி அவர் வாயில் வைத்தாள். மாஸ்டர் தாய்ப்பாலுக்கு ஏங்கிய குழந்தை மாதிரி உறிஞ்சினார்.

"ஏன்... என்னைக் காப்பாத்தறே?"

"செத்துட்டா தப்பிச்சுடுவீங்களே மாஸ்டர்! நீங்க உள்ள இருக்கணும். ஊசி, கண்ணாடி ரெண்டும் இல்லாத இடத்துல. இந்தச் சதை எல்லாம் வத்திப்போறதை நீங்களே பார்க்கணும். மாசாமாசம் நான் வந்து பார்ப்பேன்."

இன்ஸ்பெக்டர் மேடம் உள்ளே வந்தார். 'அவனே போட்டுக்கொண்டான்' என்று எழுதி ஃபைலை மூடியவரும் அவர்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவளை முறைத்தார்.

"உன் மேலயும் கேஸ் போடணும், தெரியுமில்ல?"

"போடுங்க மேடம்."

கால் மணி நேரம்.

மாஸ்டருக்கு நடுக்கம் நின்றது. புத்தி திரும்பியது. கூடவே திமிரும்!

"மேடம், ஒரு நிமிஷம். ஊசி போட்டவன் நான்தான், ஒத்துக்கறேன். ஆனா போட்ட உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்கணும். ரெண்டு மாசமா குடிச்சான். ஒண்ணும் ஆகலை! அன்னைக்கும் என் கண்ணு முன்னாடி ஒரு பாட்டில் முழுசாக் குடிச்சான். வீட்டுலேருந்து கொண்டு வந்த பாட்டில்! அப்புறம் எப்படி விழுந்தான்? அதை இவகிட்ட கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"அந்தப் பாட்டிலைக் கலந்தது யாரும்மா?"



அவள் குளுக்கோஸ் டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள்.

"நான்தான் மேடம். தினமும் நான்தான். நிறைய குளுக்கோஸ் போடு அக்கான்னு கேட்பான். எதுக்குன்னு சொல்ல மாட்டான்."

"அன்னைக்கு?"

பத்தொன்பது நாளாக யாரிடமும் சொல்லாதது. அப்பாவிடம்கூட.

"அன்னைக்கு மட்டும் குளுக்கோஸ் போடலை. ஜீரோ கலோரி பவுடர் போட்டேன்."

  

"ஏன்ம்மா?"

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டியது.

"நான் சயின்ஸ் படிச்சவளாச்சே மேடம்... இவ்வளவு சர்க்கரை உடம்புக்குக் கெடுதலாச்சே!"